மாப்பிள்ளை முட்டை

நம் செட்டில் பாதிப் பேருக்கு வெள்ளெழுத்து வந்துவிட்டது. போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் ஏழெட்டுப் பேர் வரிசையாக உட்கார்ந்தோம். செல்போனில் வந்த பழைய போட்டோ ஒன்றை ஒருத்தி கையை முழ நீளத்துக்கு நீட்டிப் பார்த்தாள், அடுத்தவன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தான். நம் ஃபுட்பால் கிளப் வாசலில் எடுத்த போட்டோ. உடனே பேச்சு அந்தப் பக்கம் போய்விட்டது. ஏழு வருஷம் தொடர்ந்து லீக்கின் சிறந்த ஆட்டக்காரர் விருதை வாங்கிய கிளப், அந்த ஏழு வருஷத்தில் ஒரு தடவைகூட லீக்கை ஜெயிக்காத கிளப், உலகத்திலேயே நம்முடையதாகத்தான் இருக்கும் என்று ஒருவன் சொன்னான். எல்லாரும் சிரித்தீர்கள், நானும் சிரித்தேன். பிறகு ஒருத்தி என் பக்கம் திரும்பி, "உங்க மாமா குடிச்சே கெட்டாரு, பாவம், இல்ல?" என்றாள். நான் பாயசத்தைக் குடித்துக்கொண்டிருந்தேன். சொல்ல வேண்டியதை அப்போதும் சொல்லவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

திருவொற்றியூரில் ரயில் தண்டவாளத்துக்கும் கடலுக்கும் நடுவில் நம் தெரு. காலையில் கண் திறப்பதற்கு முன் மூக்கு விழித்துக்கொள்ளும். மணலிப் பக்கமிருந்து காற்று வந்தால் அழுகிய முட்டை வாடை, கடல் பக்கமிருந்து வந்தால் கருவாடு, காற்றே இல்லாவிட்டால் நெடுஞ்சாலையில் வரிசை கட்டி நிற்கும் கண்டெய்னர் லாரிகளின் டீசல். இன்றைக்கு எந்தப் பக்கத்துக் காற்று என்று பாயில் படுத்தபடியே சொல்லிவிடுவோம். வாடை பிடிப்பதில் நாமெல்லாம் அவ்வளவு கெட்டிக்காரர்கள்.

என் அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். கண்டெய்னர் யார்டில் எழுத்து வரைகிற வேலை அவருக்கு. துருப்பிடித்த பெட்டியைச் சுரண்டி, பெயின்ட் அடித்து, நம்பரைத் திரும்ப எழுதுவார். விரல் இடுக்கில் நீலம் போகவே போகாது. தின்னரில் கை கழுவிவிட்டுச் சோறு பிசைவார், அந்தச் சோற்றிலும் தின்னர் வாடை வரும். வேலை போக மீதி நேரமெல்லாம் கிளப்தான். அவர்தான் செக்ரட்டரி, ஆட்களை நிற்க வைப்பவரும் அவர்தான், பந்துக்குக் காற்றடிப்பவரும் அவர்தான்.

யார்டில் உடைத்துப் போட்ட ஒரு கண்டெய்னரின் கதவைக் கேட்டு வாங்கி, மீன்பாடி வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து கிளப் சுவரில் சாத்தி வைத்திருந்தார். அதுதான் நம்முடைய போர்டு. ஒவ்வொரு வருஷமும் சிறந்த ஆட்டக்காரர் யாரோ அவர் பெயரை மீந்த நீலப் பெயின்ட்டில் அதில் எழுதுவார். வெயில் நாளில் அந்தக் கதவில் முதுகைச் சாய்த்தால் சட்டையோடு சுட்டுவிடும். நான் ஏழாம் வகுப்பு முடித்த வருஷம் அதில் ஆறு பெயர்கள் இருந்தன.

அந்த ஆறு பெயரும் எப்படி வந்தன என்பது நமக்குத் தெரியும். ஆனால் நம் பிள்ளைகளுக்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள். நெடுஞ்சாலையில் பெரிய மதில் போட்ட கம்பெனி ஒன்று இருந்தது. அதற்கு ஒரு ஃபுட்பால் டீம். ஒவ்வொரு வருஷமும் லீக்கின் சிறந்த ஆட்டக்காரரை அந்தக் கம்பெனி கூப்பிட்டு நிரந்தர வேலை கொடுக்கும். வயது இருபத்தெட்டுக்குள் இருக்க வேண்டும், கம்பெனி டாக்டர் சோதனையில் தேற வேண்டும், அவ்வளவுதான். விருதோடு ஒரு கப்பும் ஒரு ரெக்ஸின் பையும் தருவார்கள். கப்பு வீட்டு அலமாரிக்குப் போகும். ரெக்ஸின் பை டிபன் பாக்ஸோடு ஷிஃப்டுக்குப் போகும். நம் தெருவில் ரெக்ஸின் பையோடு ஓர் ஆள் நடந்தால் அவருக்கு வழி விடுவார்கள்.

இதைப் பார்த்துத்தான் கிளப்பில் மாப்பிள்ளை முறை வந்தது. சீசன் தொடங்கும் ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் உட்கார்ந்து, யாருக்கு வயது ஏறுகிறது, யார் வீட்டில் அடுப்பு சரியாக எரியவில்லை என்று பார்த்து ஓர் ஆளைப் பொறுக்குவார்கள். அந்த சீசன் முழுக்க அவர் பெயர் மாப்பிள்ளை. பெனால்டி மாப்பிள்ளைக்கு. ஃப்ரீ கிக் மாப்பிள்ளைக்கு. கோல் வாயில் தனியாக நிற்கிறவன்கூடத் திரும்பி மாப்பிள்ளை எங்கே என்று தேடி பந்தைத் தள்ள வேண்டும். ஷாமியானாவுக்குக் கீழே மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் லீக்காரர்கள் யார் கோல் போடுகிறான் என்றுதான் எழுதுவார்கள், யார் கொடுத்தான் என்று எழுத மாட்டார்கள். இந்த ரகசியம் தெரிந்தது நம் கிளப்புக்கு மட்டும்தான். விருது வாங்கியவர் அடுத்த வருஷம் கம்பெனி சட்டை போட்டுக்கொண்டு நமக்கு எதிராகவே ஆடி நம்மைத் தோற்கடிப்பார். நம் ஆட்களும் தோற்றுவிட்டு அவர் தோளில் கை போட்டு டீக்கடைக்குக் கூட்டிப் போவார்கள். லீக்கை எப்படி ஜெயிப்பது?

மாப்பிள்ளைக்கு சீசன் முடியும்வரை தினம் ஓர் அவித்த முட்டை. ஒவ்வொரு நாளும் ஒரு வீட்டின் முறை. கூடவே ஒரு கட்டுப்பாடும் உண்டு, சொட்டு குடிக்கக் கூடாது. செக்ரட்டரி மகள் என்பதால் முட்டையை வாங்கிக்கொண்டு போய்க் கொடுப்பது என் வேலை. அதை நான் பெரிய பதவியாக நினைத்தேன். தூக்கு மூடியில் முட்டை உருளும் சத்தம் தெருவுக்கே கேட்கும்படி ஆட்டிக்கொண்டு போவேன். உங்களில் ரெண்டு பேர் அதற்காகவே என்னோடு சண்டை போட்டதெல்லாம் நினைவிருக்கிறது.

அந்த வருஷம் மாப்பிள்ளை என் தாய்மாமா.

அம்மாவுக்கு ஒரே தம்பி. ரெண்டு தெரு தள்ளி ஒரு கிரில் பட்டறையில் வேலை. இரவில் பட்டறையிலேயே படுத்துக்கொள்வார், காவலுக்கும் ஆயிற்று, வாடகையும் இல்லை. ஆறு வருஷம் மற்றவர்களுக்குப் பந்து கொடுத்துக்கொண்டே இருந்தவர் அவர். லெஃப்ட் அவுட். இடது பக்கக் கோட்டை ஒட்டியே ஓடுவார், அங்கிருந்து தூக்கிப் போட்டால் பந்து மாப்பிள்ளையின் நெற்றியில் போய் உட்காரும். பங்குனி வந்தால் அவருக்கு இருபத்தெட்டு முடிகிறது, இதுதான் கடைசி வாய்ப்பு. காத்திவாக்கத்தில் பெண் பேசி வைத்திருந்தார்கள். கம்பெனி ஆர்டர் கைக்கு வந்த மறுநாள் நிச்சயம் என்று பெண் வீட்டார் சொல்லியிருந்தார்கள். ரெண்டு வகையிலும் மாப்பிள்ளை என்று தெருவே கிண்டல் செய்தது. மாமா காது மடல் சிவக்கச் சிரிப்பார்.

நான் முட்டை கொண்டு போக ஆரம்பித்த முதல் வாரத்திலேயே ஒன்று நடந்தது. பட்டறையில் மாமா ஒரு ஜன்னல் கிரில்லைத் தேய்த்துக்கொண்டிருந்தார். தூக்கு மூடியை அவருக்கு இடது பக்கத்தில், இரும்புப் பட்டை மேல் வைத்துவிட்டு நின்றேன். மிஷினை நிறுத்திவிட்டு, முட்டை எங்கே என்றார். விளையாடுகிறார் என்று நினைத்தேன். ஒரு முழ தூரத்தில், கைக்கு எட்டும் இடத்தில்தான் இருக்கிறது. கையால் துழாவி மூடியைத் தட்டிவிட்டார். முட்டை கீழே இரும்புத் தூளில் உருண்டது. அப்போதும் அவர் முகம் வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தது. நான் சத்தம் போடாமல் இடது பக்கமாகவே கிட்டப் போய் அவர் இடது கண்ணோரம் விரலை ஆட்டினேன். அவருக்குத் தெரியவில்லை.

பிறகு சொன்னார். மழைக்கு முந்தின மாதம் கிரைண்டரிலிருந்து ஒரு பொறி தெறித்து இடது கண்ணில் விழுந்திருக்கிறது. அந்த நேரம் ஊரெல்லாம் மெட்ராஸ் ஐ. பாதிப் பேர் கறுப்புக் கண்ணாடியோடு திரிந்தார்கள். மாமாவும் ஒரு கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எனக்கும் மெட்ராஸ் ஐ என்று சொல்லிவிட்டார். பத்து நாளில் ஊருக்கெல்லாம் சரியாகிவிட்டது. இவர் கண்ணாடியைக் கழற்றியபோது சிவப்பு போயிருந்தது, பார்வையும் போயிருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் ரெண்டு கண்ணும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

"யார்கிட்டயும் சொல்லாத பாப்பா. கண்ணு மேட்டர் வெளிய போச்சுன்னா கம்பெனி வேலையும் பூடும், இந்தப் பட்டறை வேலையும் பூடும்," என்றார். தலையில் அடித்துச் சத்தியம் எல்லாம் வாங்கவில்லை. இரும்புத் தூளை ஊதி முட்டையை உரித்து, மஞ்சள் கருவை எடுத்து என்னிடம் நீட்டினார். அன்றிலிருந்து வெள்ளை அவருக்கு, மஞ்சள் எனக்கு. கிளப் முட்டையில் நான் பங்கு தின்றேன் என்பது இன்றுவரை உங்களில் யாருக்கும் தெரியாது.

கம்பெனி டாக்டர் கண்ணை எப்படிச் சோதிப்பார் என்று அவருக்குப் போன வருஷ மாப்பிள்ளை சொல்லியிருந்தார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு சுவரில் மாட்டியிருக்கும் இங்கிலீஷ் எழுத்தைப் படிக்க வேண்டும், பிறகு மற்றக் கண். எங்கள் பள்ளிக்கூடத்திலும் மெடிக்கல் கேம்ப் நடந்து அதே அட்டை ஒன்று வகுப்புச் சுவரில் மாட்டியபடி கிடந்தது. மேலே பெரிதாக ஓர் எழுத்து, கீழே போகப் போகச் சின்னதாகிக்கொண்டே ஏழு வரி. நான் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் அதை அப்படியே பார்த்து எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மாமா எட்டாவது வரை படித்தவர். ஈ. எஃப், பீ. டீ, ஓ, இஸட். முட்டையைத் தின்றுகொண்டே ஒப்பிப்பார். நான் கையில் கம்பி ஒன்றை வைத்துக்கொண்டு டீச்சர் மாதிரி கேட்பேன். ஐந்தாவது வரியில் எப்போதும் தடுக்குவார். மூன்று வாரத்தில் ஏழு வரியும் தண்ணீர் பட்ட பாடாகிவிட்டது. எனக்கு ஒரே சந்தோஷம். மாமாவைப் பாஸ் பண்ண வைத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

ஆனால் ஆட்டம் வேறு மாதிரி போயிற்று.

இடது கோட்டை ஒட்டி ஓடும்வரை மாமாவுக்குக் கண் ஒரு பிரச்சினையே இல்லை. இடது பக்கம் கோடு, அதற்கப்பால் ஒன்றும் வரப்போவதில்லை. மைதானம் முழுக்க வலது கண்ணுக்குத் தெரியும். இதெல்லாம் எனக்கு இப்போது புரிகிறது, அப்போது புரியவில்லை. நைனாவுக்கும் புரிய வழியில்லை. மாப்பிள்ளை கோல் போட வேண்டும், அதனால் நடுவில் நிற்க வேண்டும், ஆறு வருஷமும் அப்படித்தான். லெஃப்டிலேயே விடும்படி மாமா ரெண்டு தடவை கேட்டார். ரெண்டாம் தடவை கேட்டது எங்கள் வீட்டு வாசலில், நான் பக்கத்தில் ஷூ லேஸ் கோத்துக்கொண்டிருந்தேன்.

"கோட்டாண்ட நின்னுகினு கீந்தா எவன் கண்ணுல படுவ நீ?" என்றார் நைனா. "நடுவுல நில்லு. மத்தத நாங்க பாத்துக்கறோம்."

நடுவில் நின்ற மாமாவைப் பார்க்கவே முடியவில்லை. இடது பக்கமிருந்து காலுக்கு வருகிற பந்து அவரைத் தாண்டிப் போகும். எதிராளி இடது தோளில் இடித்தால் நிலை தடுமாறி உட்காருவார். ஒரு தடவை கோல்கீப்பரே இல்லாத கோலுக்கு முன்னால், நேராக உருண்டு வந்த பந்தை விட்டுவிட்டு வெறும் காற்றை உதைத்து விழுந்தார். பார்க்க வந்தவர்கள் சிரித்தார்கள். தண்டவாளத்தில் போன எண்ணூர் ரயிலிலிருந்துகூட யாரோ விசிலடித்தார்கள். நாலு மாட்ச் முடிந்தது, மாப்பிள்ளை ஒரு கோல்கூடப் போடவில்லை. டீக்கடையில் இடது பக்கம் வைத்த கிளாஸைக் கையால் தட்டி உடைத்தார். போதாதா? ஊர் வாயை மூட உலைமூடி ஏது. காலையிலேயே ஊற்றிக்கொண்டு வருகிறான் என்று பேச்சு கிளம்பிவிட்டது.

நைனா முதலில் நம்பவில்லை. அதைச் சொல்லியாக வேண்டும். மச்சானை விட்டுக்கொடுக்காமல் டீக்கடையில் ரெண்டு பேரோடு சண்டையே போட்டார். ஆனால் முட்டை கொடுக்கும் வீடுகள் முணுமுணுக்க ஆரம்பித்தன. ஒரு வீட்டில் அவித்த முட்டையை என் கையில் கொடுக்காமல் அவர்கள் பிள்ளைக்கே கொடுத்துவிட்டார்கள். அன்று சாயங்காலம் நைனா என்னைக் கூப்பிட்டார். குளித்துவிட்டு வந்திருந்தார், அப்படியும் விரலில் தின்னர் வாடை போகவில்லை. என்னை முன்னால் நிறுத்தி, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"நீதான டெய்லி முட்ட எடுத்துகினு போற. உங்க மாமன் மேல வாடை எதுனா வருதா? நெசத்த சொல்லு."

வந்தது. பட்டறையில் இரும்புக்கு அடிக்கும் ரெட் ஆக்சைடு பெயின்ட் கறையைத் தின்னரால் துடைப்பார், அந்த வாடை அவர் மேல் எப்போதும் உண்டு. நைனா மேல் வந்த அதே வாடைதான். ஆனால் நைனா கேட்டது எந்த வாடையை என்று எனக்கு நன்றாகத் தெரியும். பன்னிரண்டு வயதுக்காரி என்ன கணக்குப் போட்டாள் தெரியுமா? இல்லை என்றால் அடுத்த கேள்வி வரும், அப்புறம் ஏன் விழுகிறான் என்று. அதற்கு என்னிடம் கண்ணைத் தவிர வேறு பதில் இல்லை. குடி என்றால் பரவாயில்லை. நம் தெருவில் குடிக்காத ஆம்பளை யார், நைனாவே ஞாயிற்றுக்கிழமைகளில் குடிப்பவர்தான். நாலு திட்டு திட்டுவார்கள், அதோடு போகும். கண் என்றால் வேலை போகும். பெரிய தப்பை மறைக்கச் சின்னத் தப்பைக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். மாப்பிள்ளை குடிக்கக் கூடாது என்ற கட்டுப்பாடு எனக்குத் தெரியும். அதற்காக மாப்பிள்ளையையே மாற்றுவார்கள் என்று மட்டும் தெரியாது. அதுவரை யாரையும் மாற்றியதில்லை.

"வருது நைனா," என்றேன்.

அடுத்த ஞாயிறு காலை கிளப்பில் கூடினார்கள். நாம் எல்லாரும் ஜன்னலில் தொங்கிக்கொண்டிருந்தோம், உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். மாமா தான் குடிக்கவில்லை என்று ஒரே ஒரு தடவை சொன்னார். பின்னே இன்னாடா ஆச்சு, காலுக்கு வர பந்த வுடறியே என்று நைனா கேட்டார். மாமா தரையைப் பார்த்தார். பதில் அவரிடம் இருந்தது, சொல்ல முடியாது. அப்போதுதான் நைனா அதைச் சொன்னார்.

"அவன் அக்கா பொண்ணே சொல்லுது, வாடை வருதுன்னு. பச்சப் புள்ள பொய் சொல்லுமா?"

மாமா தலையைத் தூக்கினார். நான் நின்ற ஜன்னல் அவருக்கு இடது பக்கம். அதனால் அவர் என்னைப் பார்த்தாரா இல்லையா என்று எனக்குத் தெரியாது. எனக்கு அழுகை வரவில்லை. ஜன்னல் கம்பி உள்ளங்கையில் பதிந்து வலித்தது, கையை எடுக்கத் தோன்றவில்லை. மாமா, "கீப்பர் தம்பிய நிக்க வைங்க. நான் லெஃப்ட்ல ஆடறேன்," என்றார். கோல்கீப்பரின் தம்பிக்கு அப்போது பத்தொன்பது வயது. இன்னும் எட்டு வருஷம் காத்திருக்கலாம் அவன். ஆனாலும் கையைத் தூக்கி முடிவு செய்துவிட்டார்கள்.

மறுநாளிலிருந்து முட்டையை வேறு வீட்டுக்குக் கொண்டு போனேன். கீப்பரின் தம்பி மஞ்சள் கருவையும் சேர்த்து ஒரே வாயில் போட்டுக்கொள்வான். அம்மா பத்து நாள் தம்பிக்குச் சோறு அனுப்பவில்லை, அவரைப் பார்த்தாலே முந்தானையை உதறிக்கொண்டு உள்ளே போய்விடுவாள். சத்தியமாக அவள் நம்பிவிட்டாள். நான் பட்டறைப் பக்கம் போகவே இல்லை.

மீதி மாட்ச்களில் மாமா எப்படி ஆடினார் என்பதை இன்றும் நீங்களே சொல்லிச் சொல்லி மாய்கிறீர்கள். கடைசி மாட்ச் கம்பெனி டீமோடு. எதிர் பக்கம் நின்றவர்களில் நாலு பேர் நம் பழைய மாப்பிள்ளைகள். மாமா கோட்டில் நின்றார், கோடு இடது பக்கம் இருந்தது, அவருக்கு வேறொன்றும் தேவைப்படவில்லை. மூன்று தடவை தூக்கிப் போட்டார். மூன்று தடவையும் பந்து கீப்பர் தம்பியின் தலையில் போய் இறங்கியது. அவன் தலையை ஆட்டியிருக்காவிட்டாலும் கோலாகியிருக்கும். ஏழு வருஷத்தில் கம்பெனி டீமை நாம் ஜெயித்தது அந்த ஒரு நாள்தான். புள்ளிக் கணக்கில் லீக் என்னவோ அவர்களுக்கே போயிற்று.

ஷாமியானாவுக்குக் கீழே கப்பையும் ரெக்ஸின் பையையும் கீப்பர் தம்பி வாங்கினான். அப்போது நாற்காலியில் இருந்த பெரியவர் ஒருவர் நைனாவைக் கூப்பிட்டு, உங்கள் லெஃப்ட் அவுட் யாரய்யா என்று விசாரித்தார். நான் நைனாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். நைனா, "என் மச்சான்தான் சார். குடி," என்றார். பெரியவர் உச்சுக்கொட்டிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அன்று சாயங்காலம் நைனா கண்டெய்னர் கதவில் ஏழாவது பெயரை எழுதும்போது பெயின்ட் டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றதும் நான்தான்.

காத்திவாக்கத்தார் தை பிறப்பதற்குள் வேறு இடம் பார்த்துவிட்டார்கள். பங்குனியில் மாமாவுக்கு இருபத்தெட்டு முடிந்தது. அதற்குப் பிறகு கல்யாணப் பேச்சை யாரும் எடுக்க அவர் விடவில்லை. அவர் குடித்தார் என்பதும் உண்மைதான், சில வருஷம் நன்றாகவே குடித்தார். ஆனால் அது எல்லாம் போன பிறகு. நம் தெருவில் வரிசையை மாற்றிச் சொல்கிறார்கள்.

கீப்பர் தம்பியோடு சரி, அடுத்த வருஷம் கம்பெனி ஆட்டக்காரர்களை எடுப்பதை நிறுத்திவிட்டது. வேலை இல்லை என்றதும் மாப்பிள்ளை முறையும் நின்றது, முட்டையும் நின்றது. அதற்குப் பிறகு யாரும் நம்மை விட்டுப் போகவில்லை, யாரும் யாருக்காகவும் பந்தைத் தேடிக் கொடுக்கவில்லை, அந்த வருஷம் நாம் லீக்கையே ஜெயித்தோம். கிளப்பில் ஒருவருக்கும் பெரிதாகச் சந்தோஷம் இருந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. பிறகு லாரிகளுக்காகச் சாலையை அகலப்படுத்தியபோது கிளப்பை இடித்தார்கள். கண்டெய்னர் கதவு பழைய இரும்பாகப் போனது. நைனா போய்ப் பத்து வருஷம் ஆகிறது. கடைசி நாட்களில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு, அவன் மட்டும் குடிக்காமல் இருந்திருந்தால் ஏழாவது பெயர் அவனுடையதுதான் என்றார். தலையணையைச் சரி செய்தேன். அப்போதும் சொல்லவில்லை.

மாமா இப்போது ஒரு லாரி யார்டில் வாட்ச்மேன். அம்மாவும் போன பிறகு என்னோடுதான் இருக்கிறார். எங்களுக்குள் பேச்சுவார்த்தைக்கு ஒன்றும் குறைவில்லை, சாப்பாடு, கரண்ட் பில், டிவி சீரியல் எல்லாம் பேசுவோம். அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. நாம் பந்தியில் உட்கார்ந்த அந்தக் கல்யாணம் முடிந்த மறுவாரம் அவர் வலது கண்ணில் புரை விழுந்திருக்கிறது என்று தெரிந்து, கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

சோதித்தவள் சின்னப் பெண், இருபத்திரண்டு இருக்கும். சுவரில் அதே அட்டை. மேலே ஒரு பெரிய எழுத்து, எல்லாம் சேர்த்து ஏழு வரி. முதலில் இடது கண்ணை மூடச் சொன்னாள். மாமா வலது கண்ணால் மேல் வரியைப் படித்தார், ரெண்டாவது வரியில் நின்றுவிட்டார். பிறகு வலது கண்ணை மூடச் சொன்னாள். மாமா உள்ளங்கையால் வலது கண்ணைப் பொத்திக்கொண்டு முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார். ஈ. எஃப், பீ. டீ, ஓ, இஸட். ஐந்தாவது வரியில்கூடத் தடுக்கவில்லை. ஏழு வரியையும் ஒரே மூச்சில் ஒப்பித்து முடித்தார்.

"இந்தக் கண்ணு சூப்பரா கீது அய்யா," என்று அந்தப் பெண் எழுதப் போனாள்.

கண் சரியில்லை என்று தெரிந்தால் யார்டு வேலை போய்விடும் என்று அவர் பயந்திருக்கலாம். அல்லது வெறும் பழக்கமாகவும் இருக்கலாம். நான் அவருக்கு இடது பக்கம் நின்றுகொண்டிருந்தேன். அந்தக் கண் தெரியாது என்றேன். இப்போதுதானே படித்தார் என்றாள் அவள். "மனப்பாடம்மா. சின்ன வயசுல நான்தான் எழுதிக் குடுத்தேன்," என்றேன். எத்தனை வருஷமாகத் தெரியவில்லை என்று கேட்டாள். முப்பதுக்கு மேல் என்றேன். அவள் எழுதியதை அடித்துவிட்டு எங்கள் ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். இத்தனை வருஷமாக வீட்டில் ஒருவர்கூடக் கேட்கவில்லையா என்றாள்.

மாமாதான் பேசினார். வலது கண்ணிலிருந்து கையை இன்னும் எடுக்கவில்லை.

"கேட்டாங்கம்மா. வாடை வருதான்னு கேட்டாங்க. கண்ணு தெரியுதான்னு யாரும் கேக்கல."

ஆபரேஷனுக்குத் தேதி வாங்கிக்கொண்டு வெளியே வந்தோம். வாசலில் ஒரு தள்ளுவண்டியில் அவித்த முட்டை விற்றார்கள். ஒன்று வாங்கி, சுற்றிக்கொண்டு போய் அவருடைய வலது பக்கம் நின்று கையில் கொடுத்தேன். மாமா உரித்தார். வெள்ளையைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு, மஞ்சள் கருவை என் பக்கம் நீட்டினார்.

வாங்கித் தின்றேன். உப்பு போட மறந்திருந்தார்கள்.